மெடிக்கலில் வந்தவர்: பழைய பட்டாளத் தாளைப் படிக்கும் முறை

"தாத்தா பட்டாளத்துல இருந்தாரு, அப்புறம் மெடிக்கல்ல வந்துட்டாரு." பட்டர்வொர்த்திலும் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பழைய குடும்பங்களில் ஒருவரின் போர்க்காலம் முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிப் போயிருக்கும். மிச்சத்தைக் கேட்பவர்கள் இட்டு நிரப்பிக்கொள்வார்கள். குண்டடி பட்டுத்தான் வந்திருப்பார் என்பது ஒரு கட்சி. காய்ச்சலில் படுத்தவரை அனுப்பிவிட்டார்கள், சண்டையை அவர் பார்த்ததே இல்லை என்பது இன்னொரு கட்சி. மருத்துவக் காரணத்தால் படை அவரை அனுப்பியபோது கொடுத்த விடுவிப்புத் தாள் கையில் இருந்தால் இரண்டு கட்சியுமே பெரும்பாலும் தோற்கும்.

அந்தத் தாளில் எல்லோரும் முதலில் தேடுவது நோயின் பெயரை. அதைவிடக் கனமான வரி வேறொன்று உண்டு: அந்த நோய் படைப்பணியால் வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று மருத்துவக் குழு எழுதிய வரி. பென்ஷன் அதைப் பொறுத்தது. பதக்கமும் சில நேரம் அதைப் பொறுத்தது. அவருடைய கோப்பு இன்றைக்கு இருக்கிறதா, எரிந்துவிட்டதா என்பதுகூட அந்த வரியில்தான் போய் நிற்கிறது.

முதலில், எந்தப் பட்டாளம்?

மலாயாத் தமிழர் வீடுகளில் 'பட்டாளம்' என்ற சொல் குறைந்தது நான்கு வேறு படைகளைக் குறிக்கும். ஒன்று, பிரிட்டிஷ் இந்தியப் படை. தமிழ்நாட்டில் சேர்ந்து கப்பலில் இங்கே வந்தவர்களும், போர் முடிந்தபின் பிழைக்க வந்தவர்களும் இதில் அடக்கம். இரண்டு, உள்ளூர்த் தொண்டர் படைகள். நீரிணைக் குடியேற்றத் தொண்டர் படையின் 3வது பட்டாளம் (பட்டாலியன்)தான் பினாங்கு, வெல்லஸ்லி மாகாணத் தொண்டர்கள். கோலாலம்பூர்ப் பக்கத்தில் இருந்தது ஐக்கிய மலாய் மாநிலத் தொண்டர் படை. மூன்று, ஐ.என்.ஏ. என்னும் இந்திய தேசிய ராணுவம், அதாவது நேதாஜி படை. நான்கு, 1948க்குப் பிந்தைய அவசரகாலத்தில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த படைகள். ஒவ்வொன்றின் தாளும் வேறு மாதிரி. சிலவற்றுக்குத் தாளே கிடையாது.

உடனே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. "தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்ட், 1941 டிசம்பரில் ஜித்ராவில் சண்டை போட்டார்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம். 3வது மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1920களில் படிப்படியாகக் கலைக்கப்பட்டது. போர் வந்தபிறகுதான் அதை மறுபடி எழுப்பினார்கள். மலாயாப் போரில் இருந்த தமிழ்ச் சிப்பாயை வேறு இடங்களில் தேட வேண்டும்: பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை, சப்ளை வண்டிகளை ஓட்டிய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், இந்திய ஆஸ்பத்திரிக் கோர். பாலம் வெடிவைத்துத் தகர்த்தவர், லாரி ஓட்டியவர், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர் ஆகியோரை வீட்டில் 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று சொல்லிச் சொல்லியே அப்படி ஆகிவிட்டிருக்கும். பர்மாப் போர் என்றால் கதை வேறு. அங்கே புதிதாக எழுப்பிய மெட்ராஸ் பட்டாளமும் இருந்தது.

தொண்டர் படைக்காரர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஜப்பானியர் 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாளில் பிரிட்டிஷார் பினாங்கைக் காலி செய்தார்கள். பின்வாங்கும் வழியில் ஆசியத் தொண்டர்கள் பலரை வீட்டுக்குப் போக விட்டார்கள். சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு கலந்தவருக்கு மருத்துவக் குழு ஏது, விடுவிப்புத் தாள் ஏது? அந்தக் காலத்தில் 'படையில் இருந்ததற்கான' தாளை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. அடுப்பில் போட்டவர்கள் புத்திசாலிகள். தாள் இல்லாததால் தாத்தா சொன்னது பொய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

குண்டைவிடக் கொசு

போரில் ஒருவர் படையை விட்டு விலகக் காரணம் காயம் என்றுதான் மனம் நினைக்கும். கிழக்காசியப் போர்முனையில் கணக்கு தலைகீழ். 1943இல் பர்மா முனையில் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள் என்று 14வது படையின் தளபதி ஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். மலேரியா மட்டும் ஆண்டுக்கு மொத்தப் படை எண்ணிக்கையில் 84 விழுக்காடு. ஆகவே 'காய்ச்சலில் வந்தவர்' என்பது அந்தப் போர்முனையில் விதிவிலக்கு இல்லை, வழக்கமே அதுதான்.

ஏன் இவ்வளவு? மலேரியா மருந்தான கொயினாவில் உலகின் பெரும்பங்கு ஜாவாத் தோட்டங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜாவா விழுந்ததும் அந்த வாசல் அடைபட்டது. நீலகிரியில் நடுவட்டத்திலும், ஆனைமலையிலும் அரசாங்கம் கொயினா தரும் சின்கோனா மரத்தை வளர்த்துக்கொண்டுதான் இருந்தது; ஆனால் அது ஒரு படைக்குப் போதாது. மாற்றாக வந்தது மெபாக்ரின். நாளைக்கு 0.1 கிராம், ஒரு மாத்திரை. தோல் மஞ்சளாகும், நாக்கில் கசக்கும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. சிப்பாய்கள் வாயில் போட்டு வெளியே துப்பினார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை நடத்தினார். ஒரு பட்டாளத்தில் 95 விழுக்காட்டுக்குக் கீழ் மாத்திரை உட்கொண்டதாகத் தெரிந்தால் அதன் கட்டளை அதிகாரியை நீக்கினார். மூன்று பேரை நீக்கியதோடு மற்றவர்கள் வழிக்கு வந்துவிட்டார்கள்.

தாளைப் படிக்கிறவருக்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது. தொடக்கத்தில் மலேரியாக்காரரை இந்தியாவுக்குள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அனுப்பினார்கள். ஒருவர் திரும்பி வரச் சராசரி ஐந்து மாதமாவது ஆனது. பிறகு முனைக்குச் சில மைல் பின்னால் மலேரியா முன்னணிச் சிகிச்சை நிலையங்களைப் போட்டார்கள். அங்கே போனவர் மூன்று வாரத்தில் தன் பட்டாளத்தில் இருப்பார். அதனால் 1943இல் ஐந்து மாத இடைவெளி தெரிந்தால், ஓடிப்போனாரோ என்று பதற வேண்டாம். ஆஸ்பத்திரி ரயிலில் இருந்திருப்பார். 1944இன் பிற்பகுதியில் அதே அளவு இடைவெளி இருந்தால் மலேரியாவைவிடக் கனமான ஒன்றைத் தேட வேண்டும்.

கிளார்க் எழுதிய சுருக்கெழுத்துகள்

நோய்ப் பத்தியில் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். அவற்றில் அடிக்கடி வருவன சில.

'பி.டி. மலேரியா', 'எம்.டி. மலேரியா': முதலாவது மென்மையான முறைக்காய்ச்சல், இரண்டாவது ஆளைக் கொல்லும் வகை. பெயரைப் பார்த்து முதலாவதை லேசாக எண்ணிவிடக் கூடாது. கொல்லும் வகை ஆளை விட்டுவைத்தால், மருந்தோடு பெரும்பாலும் போய்விடும். மென்மையானது அப்படிப் போகாது. அந்தக் கிருமி ஈரலில் ஒளிந்துகொள்ளும். மெபாக்ரின் இரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும், ஈரலில் உறங்குவதைத் தொடாது. மாத்திரை சாப்பிட்ட காலம் முழுக்க நன்றாக இருந்தவர், வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் நடுங்கிக்கொண்டு படுப்பார். "பட்டாளத்துல நல்லாத்தான் இருந்தாரு, ஊருக்கு வந்துதான் காய்ச்சல் புடிச்சுச்சு" என்று பாட்டி சொன்னால், அதுவே பணியில் பிடித்த மலேரியாவுக்கு நல்ல அடையாளம். பென்ஷன் குமாஸ்தாவின் கண்ணில் மட்டும் அது எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

'பி.யூ.ஓ.' என்றால் காரணம் தெரியாத காய்ச்சல். 'என்.ஒய்.டி.' என்றால் இன்னும் நோய் கண்டறியவில்லை. இவை நோயின் பெயர்கள் அல்ல, காத்திருப்புப் பட்டியல். அடுத்த ஆஸ்பத்திரியின் சீட்டில்தான் பெயர் இருக்கும். அந்தச் சீட்டு தொலைந்திருந்தால் 'என்.ஒய்.டி.' நிரந்தரமாகிவிடும். மனம் குலைந்தவர்களை முன்முனையில் 'எக்ஸாஸ்ஷன்', அதாவது களைப்பு என்று எழுதும் வழக்கமும் இருந்தது. வெறும் களைப்புக்கு யாரையும் மருத்துவக் குழுமுன் நிறுத்த மாட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் தூக்கமில்லாத பல மாதங்கள் இருக்கும்.

'ஜி.எஸ்.டபிள்யூ.' துப்பாக்கிக் காயத்தின் சுருக்கம். ஆனால் எறிகுண்டுச் சிதறலையும் இதே மூன்றெழுத்தில் அடக்கி எழுதினார்கள். குறி வைத்துச் சுட்ட தோட்டா என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் 'ஆக்சிடெண்டல்' என்ற சொல் இருக்கிறதா பார்க்கவும். சொந்தத் துப்பாக்கி தவறி வெடித்ததும் இதே எழுத்தில்தான் வரும்.

புதர்க்காய்ச்சல், அதாவது 'ஸ்க்ரப் டைஃபஸ்', இந்த நாட்டோடு தனி உறவு உள்ள நோய். லாலாங் புல்லும் புதரும் மண்டிய நிலத்தில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிக்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு. பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சல். போர் முடியும்வரை இதற்கு நம்பகமான மருந்து இல்லை. நல்ல பராமரிப்பு கிடைத்தவர் பிழைத்தார், கிடைக்காதவர் போனார். 1948இல் கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மடெல் குழுவினர் குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. 1944இல் அதே நோயில் படுத்தவரின் இதயமும் காதும் சீர்கெட்டிருந்தால் வியப்பில்லை. 'காய்ச்சல்' என்ற ஒரே சொல்லில் வீட்டில் அவரைச் சுருக்கிவிட்டிருப்பார்கள்.

ஊட்டக்குறைவால் வரும் பெரிபெரியும் அப்படியே. அதன் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியில் முக்கியமான ஒரு பங்கு இங்கே நடந்தது. தோட்டத் தமிழர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள், அவர்களுக்குப் பெரிபெரி அரிது. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது கொள்ளைநோய். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராட்டன் இந்த வேறுபாட்டைச் சுட்டினார். வில்லியம் பிளெட்சர் 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் ஒருவரும் இறக்கவில்லை. (இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது.) நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். புழுங்கலரிசி தின்று வளர்ந்த தமிழ்ச் சிப்பாய் 1942இல் சிங்கப்பூரில் கைதியானதும் கையில் கிடைத்தது தீட்டிய பச்சரிசி, அதுவும் குறைந்த அளவில். வீங்கிய கால், மரத்த பாதம், படபடக்கும் நெஞ்சு, சிலருக்கு மங்கிய கண். கண் மங்கல் ஊட்டக்குறைவால் நரம்பு கெட்டு வருவது. காலம் தாழ்த்தினால் சோறு சரியானபிறகும் பார்வை முழுக்கத் திரும்பாது.

குழு என்ன கேட்டது

மெடிக்கல் போர்டு என்பது வழக்கமாக மூன்று மருத்துவ அதிகாரிகள். ஆஸ்பத்திரி மருத்துவர் 'இவர் இனித் தேறமாட்டார்' என்று நினைத்தால் கோப்பை அவர்களிடம் அனுப்புவார். போர்க்காலத் தாளில் ஏ முதல் ஈ வரை வகை எழுதியிருக்கும். ஏ என்றால் எங்கும் போகலாம். பி, சி இரண்டும் குறைக்கப்பட்ட பணி. டி தற்காலிகமாகத் தகுதியற்றவர். ஈ நிரந்தரமாகத் தகுதியற்றவர். பலர் தடுக்கி விழுவது டி வகையில். 'டி' கிடைத்தவர் வெளியேற்றப்பட்டவர் இல்லை. சில மாதம் கழித்து மறுபடி குழுமுன் வந்திருப்பார். ஒரே ஆளுக்கு ஏ, டி, பி, டி, ஈ என்று ஏறி இறங்கும் வரிசை இருந்தால், படை அவரை எளிதில் விடவில்லை என்று பொருள். அவசரகாலத்துத் தாள் என்றால் எழுத்துக்குப் பதில் பல்ஹீம்ஸ் என்னும் எண் வரிசை இருக்கும். 1948இல் பிரிட்டிஷ் படையில் நுழைந்த முறை அது. உடற்கட்டு, கை, கால், காது, இரண்டு கண், அறிவு, மனநிலை ஆகியவற்றுக்குத் தனித்தனி எண். எண் கூடக் கூடத் தகுதி குறையும். 8 வந்தால் படையில் இடமில்லை.

வகையை முடிவு செய்தபின் குழு வேறு கேள்விகளுக்குப் போகும். ஊனம் எத்தனை விழுக்காடு? எத்தனை காலம் இருக்கும்? எதனால்? கடைசிக் கேள்விக்கு மூன்று வகைப் பதில்தான் உண்டு. பணியால் ஏற்பட்டது. முன்பே இருந்தது, பணியால் மோசமானது. பணிக்குச் சம்பந்தமில்லாதது. இரண்டாவது பதிலை மலாயாக்காரர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் உடம்பில் மலேரியாவும் குடற்புழுவும் சேரும் முன்பே இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவரின் நோய் 'பணியால் வந்தது' என்று எழுதக் குழு தயங்கும். 'மோசமானது' என்று எழுதினால் அது அவருக்குக் கிடைத்த நியாயம். சட்டப்படி அதற்கும் உரிமை உண்டு.

எனவே விடுவிப்புத் தாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, படையில் சேர்ந்த நாளில் எழுதிய மருத்துவத் தாள். அதில் எடை, உயரம், மார்பளவு, மண்ணீரல் வீக்கம் உண்டா இல்லையா என்றெல்லாம் இருக்கும். சேரும்போது நோய் ஒன்றும் குறிப்பிடாமல், வெளியேறும்போது நோய் இருந்தால் அது இடையில் வந்ததுதானே? கேட்க எளிய வாதம். ஆனால் பிரிட்டிஷ் படையிலேயே 1943வரை சிப்பாய்தான் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்தபின் அந்த ஆண்டு விதியை மாற்றினார்கள். நிரூபிக்கும் சுமை ஓய்வூதிய அமைச்சுக்குப் போனது, ஐயத்தின் பலன் சிப்பாய்க்கு வந்தது, மேல்முறையீட்டு மன்றங்களுக்கும் சட்டம் வந்தது. இந்தியாவில் இதே வாதம் இன்னும் பல்லாண்டு ஓடியது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சேரும்போது நோய்க் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் வந்த நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு படைக்கே என்று சொன்னது. இந்தியப் படையின் 1961 ஓய்வூதிய விதியில் ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஊனப் பென்ஷன் இல்லை. 15, 19 என்ற எண்களைப் பார்த்தால் அந்த வேலிக்கு எந்தப் பக்கம் தள்ளப்பட்டார் என்று புரியும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'இன்வாலிடெட்' என்றால்தான் மருத்துவ விடுவிப்பு. 'ரிலீஸ்ட்' என்றால் போர் முடிந்து ஆள் குறைத்தபோது அனுப்பப்பட்டவர். அவருக்கும் வெளியேறும் பரிசோதனை உண்டு, அதனால் அவர் தாளிலும் நோய்ப் பத்தி இருக்கும். 'டிஸ்சார்ஜ்ட்' பொதுச் சொல், காரணம் அடுத்த வரியில். 'டிஸ்மிஸ்ட்' தண்டனை.

கைதியானவரும் நேதாஜி படைக்காரரும்

'டிஸ்மிஸ்ட்' என்ற அந்தக் கடைசிச் சொல் மலாயாவில் தனிக் கதை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க்கில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அதற்குப் பின் மூன்றரை ஆண்டுக்கு இவர்கள் தாளில் வெற்றிடம். முகாமில் வந்த வயிற்றுக்கடுப்பையும் புண்ணையும் பெரிபெரியையும் பதிவு செய்த முறையான இந்தியப் படை ஆஸ்பத்திரிச் சீட்டு பெரும்பாலும் இராது. 1945இல் மீண்டபின் நடந்த பரிசோதனைதான் முதல் எழுத்துச் சான்று. அதில் 'எடை குறைவு' என்று மட்டும் எழுதிவிட்டால், ஐந்தாண்டு கழித்து வரும் நெஞ்சுவலிக்கும் முகாமுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை.

ஐ.என்.ஏ.வில் சேர்ந்த சிப்பாய்களைப் போருக்குப் பின் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். வெள்ளை மறுபடி படையில். சாம்பல் விடுவிக்கப்பட்டார். கறுப்பு நீக்கப்பட்டார், கைதிக்காலச் சம்பளமும் பறிபோனது. இம்பால் போர்முனையிலிருந்து மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவரின் தாளில் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், நிறத்தின் அடிப்படையில் வெளியேறிய குறிப்பு மட்டும் இருக்கலாம். வீட்டில் 'மெடிக்கல்ல வந்தவர்' என்று சொல்லியிருப்பார்கள். பொய்யும் இல்லை, அவமானத்தை மறைத்ததும் இல்லை. உடம்பு சொன்னதை வீடு சொன்னது, அரசியல் சொன்னதைத் தாள் சொன்னது. தோட்டத்திலிருந்து நேரே ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களுக்கும், ஜான்சி ராணிப் படைப் பெண்களுக்கும் முந்தைய படைத் தாள் எதுவுமே இல்லை. அவர்களுக்குப் புது டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளில் தேடுவதுதான் வழி.

பதக்கத்தை நம்பலாமா?

பிரிட்டிஷ் அரசு வழங்கிய இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை. ஆகவே பதக்கம் மட்டும் ஆளை அடையாளம் காட்டாது. அது காட்டுவது இடத்தையும் காலத்தையும். மலாயாவில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15வரை நின்றவருக்குப் பசிபிக் நட்சத்திரம். பர்மா முனையில் இருந்தவருக்குப் பர்மா நட்சத்திரம். இரண்டையும் ஒருவர் பெற முடியாது. இரண்டாவதற்கு ரிப்பனில் ஒரு பட்டைதான். ஒரே பெட்டியில் இரண்டும் இருந்தால் இரண்டு ஆள்களின் பதக்கம் கலந்திருக்கிறது.

1939-45 நட்சத்திரத்துக்கு ஆறு மாதப் பணி வேண்டும். பணியால் வந்த காயத்தாலோ ஊனத்தாலோ அதற்குமுன் வெளியேறியிருந்தால் அந்த நிபந்தனை தளரும். அந்தக் 'காரண' வரி இங்கேயும் வேலை செய்கிறது. 'ஃபார் லாயல் சர்வீஸ்' என்று எழுதிய சிறிய வெள்ளி நிற வில்லை கிடைத்தால் அது ராஜாவின் சின்னம். போர்ப்பணியால் ஊனமாகி வெளியேறியவர்களுக்கு உரியது. பதக்கக் கடைகளில் அதைக் கோட்டுப் பொத்தான் என்று நினைத்து ஒதுக்கிப் போட்டிருப்பார்கள்.

எங்கே எழுதுவது

மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆவண அலுவலகம் நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸுடையது பெங்களூரில். இந்தியப் படைச் சிப்பாயின் கோப்பை லண்டனில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே இந்தியப் படை அதிகாரிகளின் ஆவணங்கள்தான் உள்ளன. போர் முடிந்தபின் மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் 1945-46 கோப்புகள் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவில் இருக்கின்றன. உள்ளூர்த் தொண்டர்களைப் பற்றி அங்கே தேடலாம்.

பென்ஷன் பெறாத சிப்பாயின் கோப்பை இந்தியப் படை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிடும். 'சம்பந்தமில்லாத நோய்' என்று குழு எழுதியதால் பென்ஷன் இல்லாமல் போனவரின் விவரமெல்லாம் அப்படிச் சாம்பலாகிவிட்டது. எஞ்சுவது லாங் ரோல் என்னும் நீளப் பதிவேடு; ஆளுக்குச் சில வரி. "என் தாத்தாவின் சர்வீஸ் கோப்பை அனுப்புங்கள்" என்று கேட்டால் 'அழிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிப் பதில் வரும், அத்தோடு பலர் விட்டுவிடுகிறார்கள். லாங் ரோல் பதிவின் நகல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடிதத்தில் படை எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம். மாவட்டத்தை அன்றைய கணக்கில் எழுதவும். இன்றைய நாமக்கல் அன்று சேலம். புதுக்கோட்டை 1948வரை தனிச் சமஸ்தானம். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் போடவும். 'ராமசாமி'யின் கடைசி எழுத்தை மட்டும் மூன்று விதமாக எழுதிய கிளார்க்குகள் உண்டு. மூலத்தாளை ஒருபோதும் தபாலில் அனுப்பக் கூடாது. இதெல்லாம் பேரப்பிள்ளைக்குப் பணம் வரும் வழி அல்ல என்பதையும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தத் தேடல் இன்றைக்கும் பலன் தரும். மெடிக்கலில் வந்தவர் 1947 டிசம்பர் 31க்குள் இறந்துபோயிருந்தால், அதுவும் பணியில் வந்த நோயாலேயே இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அவரைப் போரில் இறந்தவராகவே கணக்கில் எடுக்கும். தைப்பிங் போர்க் கல்லறையில் இருப்பவர்களுக்கும் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருப்பவர்களுக்கும் கிடைத்த அதே இடம். அதற்கு விடுவிப்புத் தாள், இறப்புச் சான்று இரண்டும் வேண்டும். இரண்டிலும் உள்ள நோய் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். விடுவிப்பில் 'வயிற்றுக்கடுப்பு', இறப்புச் சான்றில் 'ஈரல் கட்டி' என்று இருந்தால் வேறு வேறு நோய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமீபா வயிற்றுக்கடுப்பு ஈரலில் சீழ்க்கட்டியாக முடிவது மருத்துவர்களுக்குத் தெரிந்த பாதைதான். ஒரு மருத்துவரிடம் அதை இரண்டு வரி எழுதி வாங்கி இணைக்கலாம்.

தாளை லேமினேட் செய்ய வேண்டாம். சூட்டில் பழைய மை ஓடிவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஈரம் இல்லாத இடத்தில், அமிலமில்லாத உறையில், மடிப்பை நீவி வைத்தால் போதும். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் எடுக்கவும். முன்பக்கம் அச்சடித்த படிவம், பின்பக்கம் குழுவினர் கையால் எழுதியது. பென்சில் எழுத்து மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால், பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.